200 கிலோமீட்டர் சைக்கிள் ரைடுக்கு வயிற்றைத் தயார் செய்வது எப்படி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் 200 கிலோமீட்டர் ப்ரெவே (குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நீண்டதூர சைக்கிள் ரைடு) ஓட்டப் போகிறவர்கள் டயர், செயின், பிரேக், லைட் எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே சரிபார்த்துவிடுகிறார்கள். சாப்பாட்டை மட்டும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். 130ஆவது கிலோமீட்டரில், உச்சி வெயிலில், கால் இன்னும் மிதிக்கத் தயாராக இருக்கும்போதே வயிறு மறுத்துவிடும். தண்ணீர்கூட உள்ளே போகாது, வாழைப்பழத்தைப் பார்த்தாலே குமட்டும். பயிற்சி போதவில்லை என்று அப்போது தோன்றும். உண்மையில் கால் பயிற்சி எடுத்திருக்கிறது, குடல் எடுக்கவில்லை. ஓட்டிக்கொண்டே செரிப்பதும் பழக்கினால் வருகிற வேலைதான். அதற்கும் ஆறு வாரம் ஒதுக்க வேண்டும்.

இங்கே சொல்லும் அளவுகள் 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கானவை. திருவான்மியூரிலிருந்து காலை 5 மணிக்குக் கிளம்பி, மாமல்லபுரம், கல்பாக்கம் வழியாகக் கடப்பாக்கத்தை ஒட்டித் திரும்பி வந்தால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மணிக்கு 22 கிலோமீட்டர் சராசரியில் ஓட்டினால் சீட்டில் இருக்கும் நேரம் 9 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ப்ரெவே விதிப்படி 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் உண்டு, நின்று சாப்பிடும் நேரமும் அதற்குள் அடக்கம். எடையும் வேகமும் மாறினால் கிராம் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு

சமதளச் சாலையில் இந்த வேகத்துக்கு ஒரு மணி நேரத்தில் 400 முதல் 450 கலோரி செலவாகும். நாள் முழுவதற்கும் 4000 கலோரிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். உடம்பில் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து, அதிகபட்சம் 500 கிராம் அளவு. கிராமுக்கு 4 கலோரி வீதம் 2000 கலோரி. மீதியில் ஒரு பகுதியைக் கொழுப்பு பார்த்துக்கொள்ளும். ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும், அதை மட்டும் நம்பினால் வேகம் பாதியாகக் குறையும். ஆகவே மணிக்கு 50 முதல் 60 கிராம் மாவுச்சத்து வெளியிலிருந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். 9 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 500 கிராம். பதறாதீர்கள், அதில் பாதி பாட்டிலில் கலக்கும் பானம் வழியாகப் போய்விடும்.

பசி எடுக்கும்போது சாப்பிடலாம் என்பது வீட்டில் சரி. சைக்கிளில் பசி தெரியும்போது நீங்கள் ஏற்கெனவே அரை மணி நேரம் தாமதித்துவிட்டீர்கள். இப்போது சாப்பிடுவது இரத்தத்தில் சேர்ந்து தசைக்குப் போக இன்னும் இருபது நிமிடமாவது ஆகும். எனவே பசியை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். சைக்கிள் கம்ப்யூட்டரிலோ கைக்கடிகாரத்திலோ 20 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். ஒவ்வொரு அலாரத்துக்கும் மூன்று நான்கு மடக்கு குடிக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒரு அலாரத்துக்கு ஏதாவது மெல்ல வேண்டும். முதல் அலாரத்திலிருந்தே இது தொடங்க வேண்டும். "இப்பதானே சாப்பிட்டு வந்தோம்" என்று முதல் ஒரு மணி நேரத்தைச் சும்மா விடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு.

ஆறு வாரம் குடலுக்கு

குடல் சுவரில் குளுக்கோஸை உள்ளே கடத்தும் வாசல் ஒன்று இருக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 60 கிராமுக்கு மேல் அதன் வழியாகப் போகாது. பழங்களிலும் வெல்லத்திலும் உள்ள ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நெரிசல் குறையும். ஒன்றை மட்டும் அளவுக்கு மீறிக் கொடுத்தால் மிஞ்சியது குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கும். உப்புசம், முறுக்கல், பேதி எல்லாம் இதன் விளைவு. பழக்கப் பழக்க இந்த வாசல்களின் கொள்ளளவும் கூடுகிறது. குடல் பயிற்சி என்பது இதுதான்.

வாராந்திர நீண்ட ரைடில் முதல் வாரம் மணிக்கு 30 கிராம், அடுத்த வாரம் 40, பிறகு 50, பிறகு 60. எந்த வாரம் வயிறு முரண்டு பிடிக்கிறதோ அந்த அளவிலேயே இன்னொரு வாரம் நில்லுங்கள். ப்ரெவேக்கு இரண்டு வாரம் முன்பு 120 கிலோமீட்டர் ஒத்திகை ஒன்று வேண்டும். அதே நேரத்துக்கு எழுந்து, அதே காலை உணவு, அதே பாட்டில் கலவை, அதே பாக்கெட் சாமான். ஒத்திகையில் இல்லாத எதையும் ப்ரெவே அன்று வாயில் போடக் கூடாது. பக்கத்தில் ஓட்டுபவர் அன்போடு நீட்டும் புது எனர்ஜி ஜெல்லும் இதில் அடக்கம்.

வெறும் வயிற்றில் நீண்ட ரைடு போனால் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகும் என்று சிலர் செய்கிறார்கள். ஒன்றரை மணி நேர மெதுவான ரைடுக்கு அதில் கேடில்லை. நீண்ட ரைடு முழுவதையும் அப்படி ஓட்டினால், சாப்பிட்டுக்கொண்டே ஓட்டும் பழக்கம் வராது.

வியர்வையை அளந்து பார்த்தல்

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்குப் பொது விடை கிடையாது. ஒரே வெயிலில் ஒருவருக்கு மணிக்கு 600 மி.லி. வியர்க்கும், இன்னொருவருக்கு ஒன்றரை லிட்டர் போகும். வீட்டிலேயே அளந்துவிடலாம். சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். பாட்டிலில் எத்தனை மி.லி. இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ப்ரெவே அன்று வெயில் எப்படி இருக்குமோ அதே வேளையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். இடையில் சிறுநீர் கழிக்க வேண்டாம். திரும்பி வந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி எடை. 65.4 கிலோ 64.8 ஆகியிருக்கிறது, நடுவில் 500 மி.லி. குடித்திருக்கிறீர்கள் என்றால் மணிக்கு 1.1 லிட்டர் வியர்வை. காலை 6 மணிக்கு ஒருமுறை, 11 மணிக்கு ஒருமுறை என்று இரண்டு முறை அளந்தால் வித்தியாசம் கண்ணைத் திறக்கும். கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். உடம்பு குளிராது, இன்னும் வியர்க்கும்.

அளந்த வியர்வை முழுவதையும் குடித்தே ஈடுகட்ட முயல வேண்டாம். ரைடு முடியும்போது எடை தொடக்கத்தைவிட ஒன்றரை கிலோ வரை குறைந்திருக்கலாம், அதில் தவறில்லை. கூடியிருந்தால்தான் ஆபத்து. அளவுக்கு மீறிக் குடித்த வெறும் தண்ணீர் இரத்தத்தின் சோடியத்தைக் கரைத்துக் குறைத்துவிடும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 600 முதல் 800 மி.லி. சரியாக இருக்கும்.

வியர்வை ஒரு லிட்டரில் சராசரியாக 1 கிராம் அளவு சோடியம் போகிறது. ஆளுக்கு ஆள் இதிலும் பெரிய வித்தியாசம் உண்டு. காய்ந்த பிறகு ஜெர்சியிலும் ஹெல்மெட் பட்டையிலும் வெள்ளைக் கோடு விழுந்தால் நீங்கள் அதிகம் உப்பு இழப்பவர். சாதாரணச் சமையல் உப்பு 1 கிராமில் சோடியம் 400 மில்லிகிராம். கால் டீஸ்பூன் தட்டையாக எடுத்தால் 1.5 கிராம் உப்பு, சோடியம் 600 மில்லிகிராம். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் விற்கும் எந்த உப்பு மாத்திரையையும் எடை போட்டுவிடலாம்.

முந்தைய இரண்டு நாள்

ஞாயிறு ப்ரெவே என்றால் வெள்ளி காலையிலிருந்தே நார்ச்சத்தைக் குறையுங்கள். கீரை, சுண்டல், கொள்ளு, பச்சைக் காய்கறி, கைக்குத்தல் அரிசி, கம்பு, கேழ்வரகு எல்லாம் நல்ல உணவுகள்தான். ஆனால் இந்த இரண்டு நாள் வேண்டாம். குடலில் சக்கை குறைவாக இருந்தால் ரைடில் கழிவறை தேட வேண்டியிருக்காது. கல்பாக்கத்துக்குத் தெற்கே அப்படித் தேடுவது எளிதல்ல. வெள்ளை அரிசி, இட்லி, இடியாப்பம், ரசம், பிரெட் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை முழுவதும் உடல் எடையில் கிலோவுக்கு 8 கிராம் மாவுச்சத்து. 65 கிலோவுக்கு 520 கிராம். காகிதத்தில் பெரிதாகத் தெரியும், தட்டில் வைத்தால் இப்படி வரும்: காலையில் 6 இட்லியும் 2 வாழைப்பழமும் 120 கிராம். பதினோரு மணிக்குச் சர்க்கரை போட்ட சாத்துக்குடி ஜூஸ் ஒரு பெரிய டம்ளர், 40. மதியம் 200 கிராம் அரிசி வடித்த சோறு, முதலில் ரசம், பிறகு மோர், 155. மாலையில் ஜாம் தடவிய பிரெட் நாலு துண்டு, 65. இரவு 150 கிராம் அரிசிச் சோறு அல்லது சர்க்கரை தொட்டு 9, 10 இடியாப்பம், 115. இடையில் ஒரு சிறு உருண்டை வெல்லம், 25. கூட்டிப் பாருங்கள், 520 வந்துவிடும்.

இதைச் செய்யும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றதும் பிரியாணி, பரோட்டா, நெய் தோசை என்று போய்விடுகிறார்கள். அதில் கூடுவது கொழுப்பு. வயிறு நிரம்பிவிடும், மாவுச்சத்துக் கணக்கு பாதியில் நிற்கும். அன்று குழம்பில் எண்ணெய் குறைவாக, காரம் குறைவாக இருக்கட்டும். சோறும் சர்க்கரையும் கூடட்டும். ஞாயிறு காலை எடை பார்த்தால் ஒரு கிலோ ஏறியிருக்கலாம். ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அந்த எடைதான் அது. வழியில் உங்களுக்கே பயன்படும்.

சனிக்கிழமை விரதம் இருக்கும் வழக்கமுள்ளவர்கள் அந்த வாரம் மட்டும் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது வேறு ப்ரெவே தேர்ந்தெடுங்கள். விரதத்தின் மறுநாள் 200 கிலோமீட்டர் ஓட்டுவது சரிவராது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இங்குள்ள அளவுகள் எதுவும் பொருந்தாது. மருத்துவரோடு உட்கார்ந்து தனிக் கணக்குப் போட வேண்டும்.

இரவுச் சாப்பாடு 7 மணிக்குள் முடியட்டும். மது வேண்டாம். படுக்கும்முன் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கவும் வேண்டாம். இரவில் நாலு முறை எழுந்திருப்பதுதான் மிச்சமாகும்.

விடிகாலை

5 மணிக்குப் புறப்பாடு என்றால் 3 மணிக்கு எழுந்து, 3.30க்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். தூக்கம்தான் முக்கியம் என்று 4.15க்கு எழுந்து அவசரமாக விழுங்கியது வயிற்றிலேயே நிற்கும். அளவு 90 முதல் 100 கிராம் மாவுச்சத்து: 5 இட்லி, மேலே கொஞ்சம் சர்க்கரையோ எண்ணெய் குறைத்த பொடியோ, ஒரு வாழைப்பழம். தேங்காய்ச் சட்னி ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். அந்த நேரத்தில் மெல்லவே முடியாது என்பவர்களுக்குப் பச்சரிசிக் கஞ்சி இருக்கிறது. 80 கிராம் அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, 30 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் குடித்தால் அதே கணக்கு.

வெண்பொங்கலை ஏன் தவிர்க்கச் சொல்கிறோம் என்று கேட்பார்கள். அரிசி இருக்கிறது, மிருதுவாக இருக்கிறது, காலை உணவுதானே? நெய், முந்திரி, பாசிப்பருப்பு மூன்றும் சேர்ந்து வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். பொங்கல் சாப்பிட்டால் தூக்கம் வரும் என்று வீட்டில் சொல்வது பொய்யல்ல. ரைடு முடித்த மறுநாள் காலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். பூரி, வடைக்கும் இதே பதில்.

சாப்பாட்டோடு 400 மி.லி. தண்ணீர். அதன்பின் புறப்படும்வரை சிறு மடக்குகள் மட்டும். தினமும் காபி குடிப்பவர் அன்றும் குடிக்கலாம், அன்று மட்டும் நிறுத்தினால் தலைவலி வரும். காபி குடலை அசைத்துக் கழிவறைக்கும் அனுப்பும், வீட்டை விட்டுக் கிளம்பும்முன் அது நடந்துவிட்டால் நல்லது. காஃபினுக்கு இன்னொரு பயன் பிற்பகல் சோர்வில். ஆகவே காலையில் ஒரு டம்ளரோடு நிறுத்திவிட்டு, அடுத்ததை 140ஆவது கிலோமீட்டருக்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

புறப்படுவதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பு இனிப்பாக எதையும் சாப்பிட வேண்டாம். சிலருக்கு இன்சுலின் ஏறும் நேரமும் மிதிக்கத் தொடங்கும் நேரமும் ஒன்றாகி, முதல் இருபது நிமிடத்தில் இரத்தச் சர்க்கரை சரிந்து தலை கிறுகிறுக்கும். கிளம்பும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு பேரீச்சை வாயில் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

பாட்டிலில் பானகம்

ஸ்ரீராமநவமிக்குக் கரைக்கும் பானகத்தில் வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம் இருக்கின்றன. உப்பு மட்டும் சேர்த்துவிட்டால் ஒரு விளையாட்டுப் பானத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ். அது குடலில் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் சரிபாதி பிரிவதால் இரண்டு வாசலும் வேலை செய்யும். 

750 மி.லி. பாட்டிலுக்கு அளவு: நாட்டுச்சர்க்கரை 45 கிராம், உப்பு கால் டீஸ்பூன் தட்டையாக, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை, அரை எலுமிச்சம்பழம். இது 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைந்த இனிப்பு. இந்த அளவில் தண்ணீர் வயிற்றில் தேங்காமல் இறங்கும். 10 சதவீதத்தைத் தாண்டினால் இறங்குவது மெதுவாகி, நடக்கும்போதே வயிற்றில் சலசலக்கும். கண்ணளவில் போடாதீர்கள், 10 கிராம் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சமையலறைத் தராசில் நிறுங்கள். உருண்டை வெல்லம் என்றால் கரைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். மண்ணும் நாரும் பாட்டில் மூக்கில் அடைத்துக்கொள்ளும். 

கலந்த பானகம் வெயிலில் மூன்று, நான்கு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். ஆகவே முதல் பாட்டில் மட்டும் கலந்து எடுத்துப் போங்கள். வழியில் கலக்கும் மற்ற ஐந்து பாட்டிலுக்கு நாட்டுச்சர்க்கரை, உப்பு, சுக்குப் பொடி மூன்றையும் நிறுத்துச் சிறு ஜிப் கவர்களில் தனித்தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். கடையில் தண்ணீர் வாங்கி, கவரைக் கொட்டி, குலுக்கினால் முடிந்தது. எலுமிச்சை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பாட்டில் என்று 6 பாட்டிலில் ஏறத்தாழ 250 கிராம் மாவுச்சத்தும் 3600 மில்லிகிராம் சோடியமும் போய்ச் சேரும். சைக்கிளில் மாட்டும் இரண்டாவது பாட்டிலில் எப்போதும் வெறும் தண்ணீர். மென்றதைக் கழுவி இறக்கவும், வெயில் ஏறியபின் தலையிலும் கழுத்திலும் ஊற்றிக்கொள்ளவும் அது வேண்டும். பானகத்தைத் தலையில் ஊற்ற முடியாது.

மணிக்கு 60 கிராமுக்கு மேல் போக விரும்பும் வேகமானவர்களுக்கு: 750 மி.லி.க்கு 40 கிராம் வெள்ளைச் சர்க்கரையும் 20 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரினும் (குடலில் குளுக்கோஸாகவே பிரியும் மாவுச்சத்துப் பொடி). சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ் என்பதால், சேர்த்துப் பார்த்தால் குளுக்கோஸ் 40, ஃபிரக்டோஸ் 20 என்று இரண்டுக்கு ஒன்று வரும். இப்படி இரண்டும் சேர்ந்து வந்தால் குடல் அதிகம் வாங்கும். 

மருந்துக்கடை ஓஆர்எஸ் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் 2.6 கிராம் சாதாரண உப்பு இருக்கும், குளுக்கோஸ் 13.5 கிராம்தான். உப்புக்கு அது மிக நல்லது, சக்திக்குப் போதாது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை 750 மி.லி. பாட்டிலில் முழுதாகக் கொட்டாதீர்கள், கெட்டியானால் பேதியாகும். டெட்ராபேக்கில் இனிப்பாக விற்பவை பலவற்றில் உப்பு குறைவு, சர்க்கரை அதிகம். பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஜெர்சி பாக்கெட்டில் கட்டுச்சோறு

மீதி 250 கிராமை மென்று தின்ன வேண்டும். இதற்குப் புளிச்சோறுக்கு நிகரான பண்டம் இல்லை என்பது எங்கள் கருத்து. மாவுச்சத்தும் உப்பும் சேர்ந்தே இருக்கும், காலையில் கட்டினால் மதியம் வரை கெடாது, நாலு மணி நேரம் இனிப்பே குடித்துச் சலித்த நாக்குக்குப் புளிப்பு தெம்பு தரும். சோற்றை வழக்கத்தைவிடக் குழைய வடித்து, எண்ணெயைப் பாதியாகவும் மிளகாயைக் கால்பங்காகவும் குறைத்து, வேர்க்கடலையும் கடலைப்பருப்பும் போடாமல் கிளறுங்கள். மென்று முடியாத பருப்பு தொண்டையில் சிக்கும். ஆறியபின் 60 கிராம் உருண்டையாக இறுக்கிப் பிடித்து, வாட்டிய வாழையிலைத் துண்டில் மடியுங்கள். ஒரு கையால் பிரிக்க வர வேண்டும், ஆகவே நூல் கட்டாதீர்கள். ஒரு உருண்டை 15 முதல் 17 கிராம் மாவுச்சத்து.

இதுபோல நாலு உருண்டை, வழியில் வாங்கும் நாலு வாழைப்பழம், இரண்டு பொரி உருண்டை, எட்டுப் பேரீச்சை. கணக்கு 250ஐத் தாண்டிவிடும். பச்சை வாழைப்பழம் ஒன்றில் மாவுச்சத்து 25 கிராம், ஏலக்கி என்றால் பாதிதான், இரண்டு தின்ன வேண்டும். பொரி உருண்டை 25 கிராமில் 20 கிராம் மாவுச்சத்து, கொழுப்பே இல்லை. ஆனால் ஈரக் காற்றில் நமுத்துப் பிசுபிசுக்கும், தனித்தனியாகச் சுற்றுங்கள். குளுக்கோஸ் பிஸ்கட்டில் ஒன்றுக்கு 4 கிராம்தான், வாயும் வறண்டுவிடும். கடலை மிட்டாய் எல்லோரும் எடுத்து வருவது. அதில் பாதிக்கு மேல் வேர்க்கடலை, கொழுப்பு அதிகம். பசி அடங்கும், ஆனால் சக்தி மெதுவாகத்தான் வரும். வெயிலுக்கு முன், நிதானமாக ஓட்டும் நேரத்தில் ஒன்று தின்னலாம். தவித்துக்கொண்டிருக்கும்போது அது உதவாது.

எங்கே எதைச் சாப்பிடுவது

இந்தப் பாதையின் இயல்பே இதுதான்: போகும்போது குளிர்ச்சி, வரும்போது வெயில். 5 மணிக்குக் கிளம்பினால் 7 மணி சுமாருக்கு மாமல்லபுரம், 10 மணிக்குள் கடப்பாக்கத் திருப்பம். அதன்பின் மூன்று மணி வரை உச்சி வெயிலில்தான் திரும்பி வர வேண்டும். வெயிலில் உடம்பு தன்னைக் குளிரவைக்க இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். தசைக்கும் கொடுக்க வேண்டும். மிஞ்சியதுதான் வயிற்றுக்கு. காலை 8 மணிக்குச் செரித்த அதே சாப்பாடு 12 மணிக்குச் செரிக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். ஆகவே மெல்லும் பொருளில் பெரும்பகுதியைத் திருப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். முதல் ஐந்து மணி நேரம் மணிக்கு 60 கிராம். திரும்பும்போது 45 முதல் 50 போதும், அதுவும் பெரும்பாலும் பாட்டிலில்.

மாமல்லபுரத்தில் மூன்று இட்லி, 15 நிமிடம். பாலாற்றுப் பாலம் தாண்டியபின் கடைகள் தள்ளித் தள்ளித்தான் வரும், கல்பாக்கத்திலேயே இரண்டு பாட்டிலையும் நிரப்புங்கள். திருப்பத்தில் தயிர்சாதம் கிடைத்தால் ஒரு கிண்ணம், ஊறுகாயோடு. முழுச் சாப்பாடு வேண்டாம். அரைக் கிலோ சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம் என்று முடித்துவிட்டு 11 மணி வெயிலில் ஏறுபவர்கள் பத்துக் கிலோமீட்டருக்குள் மரத்தடியில் படுத்துவிடுவார்கள்.

இளநீர் வயிற்றுக்கு இதம். பொட்டாசியம் தாராளம், சோடியமும் சர்க்கரையும் குறைவு. அதை மட்டும் நாலு குடித்துவிட்டு உப்பு ஈடாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கூடவே புளிச்சோறோ உப்புப் பிஸ்கட்டோ இருக்கட்டும். நீர்மோர் நல்லது, உப்புப் போட்டுக் கேளுங்கள். கரும்புச்சாறு ஒரு டம்ளரில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, ஐஸ் இல்லாமல் வாங்கி, அதே அளவு வெறும் தண்ணீரோடு மாற்றி மாற்றிக் குடியுங்கள். சாலையோர ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது. எலுமிச்சை ஜூஸ் உப்பும் சர்க்கரையும் சேர்த்து, சோடா இல்லாமல். குனிந்து ஓட்டும் வயிற்றுக்குள் வாயு போனால் ஏப்பமும் எதுக்களிப்பும் தொல்லை தரும்.

கோளாறு வந்தால்

திடீரென்று காலில் பலமே இல்லை, கை நடுங்குகிறது, குளிர்ந்து வியர்க்கிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது என்றால் சர்க்கரை தீர்ந்துவிட்டது. ரைடர்கள் பாங்க் (bonk) என்பது இதைத்தான். நிழலில் இறங்குங்கள். 30, 40 கிராம் வேகமான சர்க்கரை: கரும்புச்சாறு ஒரு டம்ளர், அல்லது அதே அளவு குளுக்கோஸ் பொடி தண்ணீரில். கால் மணி நேரம் உட்காருங்கள். பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டு 20 நிமிட அலாரத்துக்குத் திரும்புங்கள். தெம்பு வந்ததும் விட்ட நேரத்தைப் பிடிக்கப் பாய்ந்தால் அரை மணியில் மறுபடி அதே நிலைதான்.

குமட்டல் வேறு. அநேகமாகச் சர்க்கரை கூடி, தண்ணீர் குறைந்து, உடம்பு சூடாகிவிட்டது. இப்போது சாப்பிடச் சொல்லி யார் வற்புறுத்தினாலும் கேட்காதீர்கள். அரை மணி நேரம் வேகத்தைக் குறைத்து, வெறும் தண்ணீரைச் சிறு மடக்குகளாகக் குடித்து, தலையை நனையுங்கள். வயிறு அடங்கியதும் உப்பானதில் தொடங்குங்கள், இனிப்பு பிறகு.

கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் உடனே உப்பைக் குறை சொல்லத் தோன்றும். தசை பழகாத வேகத்தில் களைத்ததே பெரும்பாலும் காரணம். இறங்கி நீட்டி நில்லுங்கள், கியரைக் குறையுங்கள், உப்புப் பானம் குடியுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது சோடியம் குறைவு. தலைவலி, வாந்தி, கிளவுஸும் மோதிரமும் இறுகும்படி விரல் வீக்கம், பேச்சில் குழப்பம். தண்ணீர் வற்றியதைப்போலவே தெரிவதால் சுற்றி நிற்பவர்கள் இன்னும் தண்ணீரைக் கொடுத்துவிடுகிறார்கள், அது நிலைமையை மோசமாக்கும். வற்றியவருக்குத் தாகம் இருக்கும், சிறுநீர் அடர்மஞ்சளாக, குறைவாகப் போகும். நாள் முழுவதும் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடித்தவருக்கு விரல் வீங்கியிருந்தால் தண்ணீரை நிறுத்துங்கள். நினைவு தடுமாறினால், காரணம் வெயிலோ சோடியமோ எதுவானாலும், 108ஐ அழையுங்கள். வெயிலால் என்று தோன்றினால் வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

முட்டி வலிக்கு ரைடின் நடுவே டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரை போடாதீர்கள். நீர் வற்றிய நேரத்தில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும், சோடியம் குறையவும் வழிசெய்யும்.

முடிந்த பிறகு

முதல் ஒரு மணி நேரத்துக்குள் சோறும் 20 கிராம் அளவு புரதமும்: மூன்று முட்டை, அல்லது பருப்பும் தயிரும் சேர்த்த நல்ல சாப்பாடு. குறைந்த எடையின் ஒன்றரை மடங்கு தண்ணீரை, உப்புள்ள உணவோடு, இரவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடியுங்கள். பாட்டில்களை அன்றே வெந்நீரில் கழுவி, மூக்கைக் கழற்றிப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். வெல்லம் ஒட்டிய வால்வில் இரண்டே நாளில் கரும்பூஞ்சை பிடித்துவிடும்.